மோமாவில் எங்கே நிற்பது?

கேள்வி இதுதான்: "நியூஜெர்சி எடிசனில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறோம். மாப்பிள்ளை எங்களை நியூயார்க்கில் மோமா என்கிற நவீனக் கலை மியூசியத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறார். ஆளுக்கு 30 டாலராம். எனக்கு வயது 67. ரவிவர்மா படம் என்றால் ரசிக்கத் தெரியும். கோடும் கட்டமுமாக எதையோ மாட்டிவைத்திருந்தால் ஒன்றும் புரியாது. அங்கே போய் நான் என்ன செய்வது?"

முதலில் காசு விஷயத்தை முடித்துவிடுவோம். 65 தாண்டியவர்களுக்கு டிக்கெட் 22 டாலர்தான். 16 வயது வரை இலவசம், அதனால் பேரப்பிள்ளைகளையும் தைரியமாகக் கூட்டிப்போகலாம். வயதைக் காட்ட ஏதாவது ஓர் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். எடிசனில் ரயில் ஏறினால் நியூயார்க் பென் ஸ்டேஷன். அங்கே 'ஈ' ரயில் பிடித்து ஐந்தாம் அவென்யூ, 53ஆம் தெரு நிறுத்தத்தில் இறங்கினால் மியூசியம் பக்கத்திலேயே. கார் வேண்டாம். பார்க்கிங்குக்குக் கொடுக்கிற காசில் இன்னொரு முறை போய் வரலாம்.

இப்போது புரியாத விஷயம். நான் ஓவியம் படித்தவன், பிழைப்புக்கு வேறு வேலை பார்ப்பவன். ஊரிலிருந்து யார் வந்தாலும் மோமாவுக்கு இழுத்துக்கொண்டு போவது என் வழக்கம். வந்தவர்கள் எல்லோரும் வாசலிலேயே நீங்கள் சொன்னதைத்தான் சொன்னார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1961இல் இதே மியூசியத்தில் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸின் கடைசிக்காலப் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தார்கள். அதில் 'படகு' என்று ஒன்று. காகிதத்தை வெட்டி ஒட்டியது. மேலே பாய்மரம், கீழே தண்ணீரில் அதன் நிழல். அதைத் தலைகீழாக மாட்டிவிட்டார்கள். 47 நாள் அப்படியே தொங்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். மத்தீஸின் மகனே ஓவிய வியாபாரி; அவர் கண்ணிலும் படவில்லை. கடைசியில் கண்டுபிடித்தது பங்குச்சந்தைத் தரகு வேலை பார்த்த ஓர் அம்மா. நிழல் என்பது நிஜத்தைவிட எளிமையாகத்தானே இருக்க வேண்டும், இதில் கீழே இருப்பதைவிட மேலே இருப்பது சாதாரணமாக இருக்கிறதே என்று அவருக்கு உறுத்தியிருக்கிறது. கலை வரலாறு எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார், அவ்வளவுதான்.

அதனால் 'இதற்கு என்ன அர்த்தம்' என்ற கேள்வியை வாசலில் பையோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போங்கள். அதற்குப் பதிலாக ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் 'நான் எங்கே நிற்க வேண்டும்' என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு தூரத்தில், எந்தப் பக்கமாக, நின்றா உட்கார்ந்தா. இது ஏமாற்று வேலை போலத் தோன்றலாம். ஆனால் போனில் பார்க்கும்போது எல்லாப் படமும் ஒரே அளவு, உள்ளங்கை அளவு. நேரில் போவதன் லாபமே அந்த அளவுப் பொய் உடைவதுதான்.

லிஃப்டில் நேராக ஐந்தாம் மாடிக்குப் போய்விடுங்கள். 1880களில் தொடங்கி 1940கள் வரை அங்கே. நான்காம் மாடியில் அதற்கப்புறம் 1970கள் வரை. இரண்டாம் மாடி நம் காலம். மேலிருந்து கீழே இறங்கினால் காலம் வரிசையாக வரும், முழங்காலுக்கும் நல்லது. ஒரு எச்சரிக்கை: 2019இல் கட்டடத்தைப் பெரிதாக்கித் திறந்ததிலிருந்து அறைகளை அடிக்கடி மாற்றி அடுக்குகிறார்கள். நான் சொல்லும் படங்களில் ஒன்றிரண்டு அன்றைக்கு இல்லாமல் போகலாம். மாப்பிள்ளையை இணையத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஐந்தாம் மாடியில் ஓரிடத்தில் மட்டும் கல்யாணப் பந்தி போலக் கூட்டம் இருக்கும். வான்கோவின் 'நட்சத்திர இரவு'. 1889 ஜூன். ஏறக்குறைய இரண்டரை அடி உயரம், மூன்றடி அகலம். குடைகளிலும் டீ கோப்பைகளிலும் பார்த்துப் பழகியவர்களுக்கு 'இவ்வளவுதானா' என்றிருக்கும். பின்னால் நின்று போனைத் தூக்கிப் படம் எடுப்பவர்களோடு போட்டி போடாதீர்கள். சுவரோரமாக வந்து, பக்கவாட்டில், விளக்கு வெளிச்சம் சாய்வாக விழும் கோணத்தில் நில்லுங்கள். பெயிண்ட் அப்படியே புடைத்து நிற்பது தெரியும். வரப்பு மாதிரி. இரண்டு வரப்புக்கு நடுவே சில இடங்களில் பெயிண்டே இல்லாமல் வெறும் கான்வாஸ் துணி எட்டிப்பார்க்கும். மனநலக் காப்பகத்தில், கம்பி போட்ட கிழக்கு ஜன்னல் வழியாக விடியலுக்கு முன் கண்ட வானத்தைப் பகலில் கீழ்த்தளத்து அறையில் உட்கார்ந்து போட்ட படம் அது. கம்பி படத்தில் இல்லை. கீழே இருக்கும் கிராமம் அந்த ஜன்னலிலிருந்து தெரியாது, அவராகச் சேர்த்தது. அந்த மனிதர் எவ்வளவு வேகமாகக் கையை ஓட்டியிருக்கிறார் என்பது அந்த வரப்புகளில் தெரியும். டீ கோப்பையில் தெரியாது.

அதே மாடியில் டாலியின் உருகும் கடிகாரங்கள். 1931. ஏ4 தாளைவிடக் கொஞ்சம்தான் பெரிது. இதற்கு மூக்கு படும் தூரம் வரை போக வேண்டும் (காவலர் பார்த்துக்கொண்டே இருப்பார், ஒரு முழத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுங்கள்). மூக்குக் கண்ணாடி மறக்காதீர்கள்.

பிக்காஸோவின் 'அவிஞ்ஞோன் பெண்கள்' நேர் எதிர். எட்டடி உயரம், அகலமும் கிட்டத்தட்ட அவ்வளவு. 1907இல் போட்டது, 1916 வரை பொதுமக்கள் கண்ணில் படவில்லை. அவிஞ்ஞோன் என்பது பார்சலோனாவில் ஒரு தெருவின் பெயர். விபசார விடுதிப் பெண்கள் ஐந்து பேர். பேரப்பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வதென்று முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். இதற்கு அறையின் நடுவில் நிற்க வேண்டும், ஏனென்றால் அவர்கள் உங்களைத்தான் பார்க்கிறார்கள். நாம் அவர்களை வேடிக்கை பார்க்க வந்திருக்கிறோம், அவர்கள் நம்மை எடை போடுகிறார்கள். வலது பக்கம் இருவருக்கு முகமே முகமூடி; பாரிஸ் மியூசியத்தில் பிக்காஸோ ஆப்பிரிக்கச் சிற்பங்களைப் பார்த்ததன் பாதிப்பு. அழகாக இருக்கிறதா என்றால், இல்லை. எனக்கு இன்றுவரை அது பிடித்த படமும் இல்லை. ஆனால் அந்த அறையில் அதற்கு முதுகு காட்டி நிற்க என்னால் முடிந்ததில்லை.

2019இல் திறந்தபோது இந்தப் படம் இருந்த அறையிலேயே ஃபெயித் ரிங்கோல்டின் பெரிய படம் ஒன்றையும் மாட்டினார்கள். கறுப்பினப் பெண் ஓவியர், 1967இல் போட்டது, ஆறடிக்குப் பன்னிரண்டு அடி. அலுவலகத்துக்குப் போகிற உடுப்பில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் ரத்தக்களரியாக ஓடுகிறார்கள், விழுகிறார்கள். நடுவில் இரண்டு குழந்தைகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டிருக்கின்றன. போர்க்கொடுமையைக் காட்டும் பிக்காஸோவின் பெரிய படமான 'குவர்னிகா' ஸ்பெயினுக்குப் போன 1981 வரை பல ஆண்டுகள் இதே மியூசியத்தில்தான் இருந்தது; அதை இங்கே வந்து வந்து பார்த்தவர் ரிங்கோல்ட். பார்வையாளராகப் படி ஏறி வந்தவரின் படம் ஐம்பது வருஷம் கழித்து, 2016இல்தான், மியூசியத்துக்குள் சொந்தமாக நுழைந்தது. யார் படத்துக்குப் பக்கத்தில் யார் படத்தை மாட்டுகிறார்கள் என்பதும் கவனிக்க வேண்டிய சங்கதி. பந்தியில் யாரை யார் பக்கத்தில் உட்காரவைத்தார்கள் என்று நாம் பார்ப்பதில்லையா?

மாலேவிச்சின் 'வெள்ளை மேல் வெள்ளை' என்று ஒன்று இருக்கும். 1918. மாப்பிள்ளை சிரிப்பார், சிரிக்கட்டும். சதுரக் கான்வாஸ், உள்ளே சாய்ந்த இன்னொரு சதுரம், இரண்டும் வெள்ளை. ஒரு நிமிஷம் நின்றால் ஒன்று பால் வெள்ளை, இன்னொன்று சுண்ணாம்பு வெள்ளை என்று பிரியும். வேட்டிக் கடையில் இரண்டு வெள்ளைக்கு வித்தியாசம் கண்டுபிடிக்கிற நமக்கு இதில் கஷ்டமே இல்லை.

நான்காம் மாடிக்கு இறங்கினால் படங்கள் சுவரளவு ஆகிவிடும். பார்னெட் நியூமனின் சிவப்புக் கான்வாஸ் எட்டடி உயரம், பதினெட்டடி அகலம். முழுக்கச் சிவப்பு, அங்கங்கே செங்குத்தாக ஐந்து மெல்லிய கோடு. எல்லோரும் எதிர்ச் சுவர் வரை பின்வாங்கிப் பார்ப்பார்கள். அது தப்பு, நான் சொல்லவில்லை, ஓவியரே சொன்னது. பெரிய படத்தைத் தூரத்திலிருந்து பார்க்கும் பழக்கம் இருக்கிறது, இவை கிட்டே நின்று பார்ப்பதற்கானவை என்று 1951இல் தன் காட்சிக்கு வந்தவர்களுக்கு அறிவிப்பே எழுதி வைத்தார். கிட்டே போனால் ஓரம் தெரியாது. சிவப்பு மட்டும்தான். ஒரு கோட்டைப் பார்த்தால் மற்றது கண்ணிலிருந்து நழுவும்.

திருவனந்தபுரத்தில் பத்மநாபசுவாமியைச் சேவித்திருப்பீர்கள். ஒரு வாசலில் முகம், அடுத்த வாசலில் நாபி, அதற்கடுத்த வாசலில் பாதம். முழுசாக ஒரே பார்வையில் கிடைக்காது. 'மொத்தமாகக் காட்டவில்லையே' என்று யாரும் குறைப்பட்டுத் திரும்புவதில்லை. நகர்ந்து நகர்ந்து பார்த்துவிட்டு முழுசாகப் பார்த்த நிறைவோடுதான் வருகிறோம். எங்கே நின்று எதைப் பார்ப்பது என்கிற பாடம் நமக்குக் கோயிலில் எப்போதோ சொல்லிக்கொடுத்ததுதான். நியூமன் முன்னால் அதையே செய்யுங்கள். இடமிருந்து வலமாக மெதுவாக நடந்துபோங்கள்.

பொல்லாக்கின் படம் இதே அளவுக்குப் பெரிது. லாங் ஐலண்டில் தன் வீட்டுக் கொட்டகைத் தரையில் கான்வாஸை விரித்து, சுற்றி நடந்தபடி, குச்சியால் எனாமல் பெயிண்டை ஊற்றியும் விசிறியும் போட்டது, 1950இல். சுவரில் மாட்டியிருந்தாலும் அது தரைதான். குனிந்து பார்க்கிற நினைப்போடு பாருங்கள். முற்றத்தில் தண்ணீர் தெளிக்கிற கை தெரியும்.

இப்போது என் அப்பா கதை. அவருக்கு விருதுநகரில் மளிகைக்கடை, நாற்பது வருஷம். அவர் இங்கே வந்தபோது கூட்டிப்போனேன். ஐந்தாம் மாடி முழுக்கக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மரியாதைக்கு நடந்தார். நான்காம் மாடியில் வார்ஹோலின் சூப் டப்பாக்கள் முன்னால் நின்றுவிட்டார். தெரிந்திருக்கும் உங்களுக்கு: கேம்ப்பெல்ஸ் சூப், 32 கான்வாஸ், ஒவ்வொன்றும் இருபது அங்குல உயரம். அன்றைக்கு அந்தக் கம்பெனி விற்ற 32 வகைக்கு வகைக்கொன்று. டப்பா ஒன்றேதான், பெயர் மட்டும் மாறும். 1962.

அப்பா முதலில் எண்ணினார். அப்புறம் கேட்டார்: "எந்த வரிசையில அடுக்கியிருக்கான்? எது ஓடுற சரக்கோ அத கண் மட்டத்துல வெக்கணும்."

கடைக்கு வந்த வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள், மேலே இடதுபக்கம் 1897இல் வந்த தக்காளி சூப் முதலாவது என்று சொன்னேன். "அப்ப சரி, இது கடை இல்ல, லெட்ஜர்" என்றார்.

கிட்டே போனார். டப்பாவின் அடி விளிம்பில் ஒரு பூ வரிசை ஓடும். அதையே வெகுநேரம் பார்த்துவிட்டுத் திரும்பி, "இது அச்சு இல்ல. ரப்பர் ஸ்டாம்ப். ஒண்ணு அழுத்தமா விழுந்திருக்கு, ஒண்ணு மங்கலா விழுந்திருக்கு, லைனும் நேரா இல்ல பாரு" என்றார். உண்மைதான். டப்பாக்களைக் கையால் வரைந்து, அந்தப் பூக்களை மட்டும் ஸ்டாம்ப் வைத்துக் குத்தியிருக்கிறார் வார்ஹோல். இயந்திரம் செய்தது மாதிரி தோன்ற வேண்டுமென்று ஒரு மனிதர் உட்கார்ந்து கையால் செய்த வேலை. வருஷக்கணக்கில் விலைச் சீட்டில் ஸ்டாம்ப் குத்திய ஆளின் கண்ணுக்கு அது ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. எனக்குப் படித்துத்தான் தெரியும். அந்தப் படத்துக்கு முன்னால் அதற்கு முன் எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன், எப்போதும் ஆறடி தள்ளி.

அடுத்து அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார்: "என்ன விலைக்குப் போச்சு?"

முதலில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு சின்ன கேலரியில் காட்சிக்கு வைத்தார்கள், கடையில் அடுக்கியது மாதிரி ஒரு மெல்லிய பலகை மேல். ஒன்று 100 டாலர். நாலைந்துதான் போனது. பக்கத்தில் இருந்த இன்னொரு கேலரிக்காரர் நிஜ சூப் டப்பாக்களை ஜன்னலில் அடுக்கி, அசல் இங்கே மலிவாகக் கிடைக்கும் என்று கிண்டல் செய்தார். பிறகு காட்சி நடத்தியவருக்கே 32ஐயும் பிரிக்கக் கூடாது என்று தோன்றி, விற்றதைத் திரும்பக் கேட்டு வாங்கி, மொத்தமாக 1000 டாலருக்குத் தானே எடுத்துக்கொண்டார். அதுவும் மாதம் நூறு, பத்துத் தவணை. 1996இல் மோமாவுக்கு வந்தபோது அதன் மதிப்பு ஒன்றரைக் கோடி டாலர் என்று பேசப்பட்டது. அப்பா கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. "செட்டை உடைக்காம வெச்சான் பாரு, அவன் வியாபாரி" என்று மட்டும் சொன்னார். மறுபடி அந்தப் பூ வரிசைக்கே போய்விட்டார்.

எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும் என்று நினைக்காதீர்கள். தூஷாம்பின் சைக்கிள் சக்கரம், ஒரு ஸ்டூல் மேல் கவிழ்த்து நட்டது, வரலாற்றில் பெரிய விஷயம்தான். ஆனால் ஒருமுறை கேட்டுச் சிரித்த ஜோக் மாதிரி, அதற்கு முன்னால் நெடுநேரம் நிற்க எனக்கு எதுவும் கிடைத்ததில்லை. ஹெலிகாப்டர் ஒன்று தலைக்கு மேலே தொங்கும், பேரன் கண்டுபிடித்துவிடுவான். பிரான்குசியின் 'ஆகாயவெளியில் பறவை' என்ற வெண்கலச் சிற்பத்தைச் சுற்றி ஒரு நடை நடந்துவிடுங்கள். இதே வரிசையில் செய்த இன்னொரு பறவை 1926இல் நியூயார்க் துறைமுகத்துக்கு வந்தபோது, இது சிற்பமே இல்லை, அடுக்களை, ஆஸ்பத்திரிச் சாமான் வகையறா என்று சுங்கத்தார் 40 சதவீதம் வரி போட்டார்கள். கோர்ட்டுக்குப் போய் 1928இல்தான் கலை என்று தீர்ப்பு வந்தது. 'இதெல்லாம் கலையா' என்று மாப்பிள்ளை கேட்டால் சொல்வதற்கு உங்களிடம் ஒரு வழக்கு விவரம் இருக்கட்டும்.

இரண்டு மணி நேரம் போதும். அதற்கு மேல் போனால் எல்லாப் படமும் ஒரே படமாகிவிடும். இரண்டாம் மாடியை நேரம் இருந்தால் பாருங்கள். நல்ல செருப்பு, மெல்லிய ஸ்வெட்டர். உள்ளே ஏசி குளிரும். ஃபிளாஷ் இல்லாமல் போட்டோ எடுக்கலாம்.

ஆனால் ஒன்றே ஒன்றை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்காக லிஃப்டில் மறுபடி ஐந்தாம் மாடி ஏற வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. மோனேயின் 'அல்லிக்குளம்'. மூன்று கான்வாஸ் பக்கம் பக்கமாக, மொத்தம் நாற்பத்திரண்டு அடி நீளம். 1914 தொடங்கி 1926இல் சாகும்வரை, கண்ணில் புரை வந்து அறுவை செய்த நிலையிலும் போட்டுக்கொண்டிருந்தவற்றில் ஒன்று. இந்த மியூசியத்தில் அதற்கு முன் வேறோர் அல்லிக்குளம் இருந்தது. 1958இல் கட்டட வேலை நடந்தபோது தீப்பிடித்து அது எரிந்துபோயிற்று, தொழிலாளி ஒருவரும் இறந்தார். அதற்கடுத்து வாங்கியது இது. இதற்கு நிற்க வேண்டாம். எதிரே பெஞ்ச் இருக்கும், உட்காருங்கள்.

அப்பா அங்கே உட்கார்ந்தார். மழைக்கு ஏங்குகிற ஊர்க்காரர், தண்ணீர் என்றால் கண்மாயும் அதன் கரையும்தான் அவருக்கு. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. தூங்கிவிட்டாரோ என்று பார்த்தேன். இல்லை, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, கரையே இல்லையே. இவன் எங்க நின்னு பார்க்கிறான்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தப் பெஞ்சில் இருக்கும்போது மட்டும் மாப்பிள்ளையை மணி பார்க்கவிடாதீர்கள். மூடுகிற நேரம் நெருங்கினால் காவலர்களே வந்து எழுப்பிவிடுவார்கள்.